பேட்டரிக்குள் சிவகங்கை கிராஃபைட் நுழையுமா?

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "போகப் போக பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது?" பதிலில் பாதி கிராஃபைட்டில் இருக்கிறது. ஆம், பென்சிலில் உள்ள அதே பொருள்தான்!

லித்தியம் அயான் பேட்டரியை சார்ஜ் செய்யும்போது, லித்தியம் அயான்கள் ஆனோடு எனப்படும் நெகட்டிவ் முனைக்குப் போய், அங்குள்ள கிராஃபைட் அடுக்குகளுக்கிடையே தங்குகின்றன.

நம் சிவகங்கையிலேயே டாமின் நிறுவனத்தின் கிராஃபைட் சுரங்கம் உள்ளது. அதே மாவட்டத்தின் காரைக்குடியில், பேட்டரி ஆராய்ச்சி செய்யும் சிக்ரி நிறுவனமும் உள்ளது. ஆனால் வெட்டிய கிராஃபைட்டை அப்படியே பேட்டரியில் போட முடியாது. மூன்று வேலைகள் உண்டு.

1. சுத்தம்: சிவகங்கைத் தாதுவில் கார்பன் சுமார் 14 சதவீதமே. பேட்டரிக்கு 99.95 சதவீதம் தேவை.

2. உருட்டல்: தட்டையான செதில்களை உருண்டையாக்க வேண்டும். அப்போதுதான் தாமிரத் தகட்டின் மேல் நெருக்கமாகப் படியும். லித்தியமும் பல பக்கங்களிலிருந்து நுழையும்.

3. பூச்சு: தார் போன்ற 'பிட்ச்' பூசிச் சூடாக்கினால் மெல்லிய கார்பன் தோல் உருவாகும். இது இல்லாவிட்டால், எலக்ட்ரோலைட் திரவம் கிராஃபைட்டின் மேல் சிதைந்து லித்தியத்தை அதிகமாக வீணாக்கும்.

பூச்சு இருந்தாலும் இந்தச் சிதைவு மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் வேகமாகும். எங்கள் ஊரப்பாக்கம் மே மாத வெயிலுக்கு நான் சொல்லும் யோசனை: லேப்டாப்பை மெத்தைமேல் வைக்காதீர்கள். எப்போதும் பிளக்கிலேயே வைத்திருப்பவரா? 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி உங்கள் லேப்டாப்பில் இருந்தால், இன்றே ஆன் செய்யுங்கள்.