வேலை நின்றபின் வாரத்திற்கு எவ்வளவு?

பெங்களூரில் பீணியாவின் பட்டறைகளிலும் பொம்மனஹள்ளியின் ஆடைத் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் தமிழர் பலர். ஆட்குறைப்பு நேரும் நாளில் அவர்கள் உள்ளத்தில் எழும் முதல் வினா, வாடகை கொடுத்து இங்கேயே வேறு வேலை தேடுவதா, ஊருக்குத் திரும்புவதா என்பதே. விடை காண வேண்டுமாயின், கைக்கு வரக்கூடிய தொகையை முன்னரே கணித்தறிதல் நலம்.

இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் சந்தா கட்டியவர்களுக்காக, 2018 ஜூலையில் ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ தொடங்கப்பெற்றது. முதலில் சராசரி நாள் ஊதியத்தில் கால் பங்காக இருந்த உதவி, 2020-இல் அரைப் பங்காக உயர்த்தப்பெற்றது. வாழ்நாளில் 90 நாட்களுக்கே இது கிட்டும்.

சராசரி காண்பது எங்ஙனம்? வேலை இழக்குமுன் கழிந்த நான்கு சந்தாக் காலங்களின், அதாவது இரண்டு ஆண்டுகளின், மொத்த ஊதியத்தை 730-ஆல் வகுத்தல் வேண்டும். மாதம் 14,600 ரூபாய் பெற்றவரின் 24 மாத ஊதியம் 3,50,400 ரூபாய். வகுத்தால் நாளொன்றுக்கு 480; அதில் பாதி 240. ஆகவே வாரத்திற்கு 1,680 ரூபாய். 90 நாட்களுக்கு 21,600 ரூபாய்.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. இடையில் நான்கு மாதம் ஊதியமின்றிக் கழிந்திருப்பினும் வகுக்கும் எண் 730-தான். அவருக்கு வாரத்திற்கு 1,400 ரூபாயே வரும். கடைசி மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கணக்கிடுவோர் ஏமாற்றமடைவர்.

இரண்டு ஆண்டுகள் காப்பீட்டுக்குரிய பணியில் இருந்திருத்தல் வேண்டும். வேலையிழப்புக்கு முந்திய சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்கேனும் சந்தா செலுத்தப்பட்டிருத்தல் வேண்டும். ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டோர்க்கும், ஓய்வு பெற்றோர்க்கும் இது இல்லை. வேலை இழந்து 30 நாட்கள் சென்றபின், முதலாளியின் வழியாக அன்றித் தாமே விண்ணப்பிக்கலாம். குறித்த கால எல்லைகளுடன் நீட்டிக்கப்பெற்று வரும் திட்டமாதலின், நடைமுறையில் உள்ளதா என்பதைக் கிளை அலுவலகத்தில் முதலில் கேட்டறிக.

மாநிலம் விட்டு மாநிலம் வருவோர்க்கு ஒரு சொல். காப்பீட்டு எண் இந்தியா முழுவதற்கும் ஒன்றே. கோவையிலோ ஓசூரிலோ பெற்ற எண்ணைப் பெங்களூர் ஆலையிலும் கொடுங்கள். புதிய எண் பெற்றால் முன்னைய உழைப்பு கணக்கில் சேராது போகக்கூடும். சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். ஆலை காட்டியுள்ள ஊதியமும் கையில் பெற்ற ஊதியமும் ஒன்றா என்பதை வேலை இருக்கும்போதே ஒப்பிட்டுப் பார்த்தல் அறிவுடைமையாகும்.