அகச்சிவப்பொளியும் வளையும் சில்லும்

அகம், புறம் என்னும் இரு சொற்களைக் கொண்டு வாழ்க்கை முழுவதையும் பகுத்துக் காட்டியவர் நம் முன்னோர். அறிவியல் தமிழுக்குக் கலைச்சொல் ஆக்கித் தந்தோர் அவ்விரு சொற்களையும் ஒளிக்கும் வழங்கினர். கண்ணுக்குப் புலனாகும் நிறங்களில் ஊதாவுக்கு அப்பாலிருப்பது புறஊதா. சிவப்புக்கு அப்பாலிருப்பது அகச்சிவப்பு. உண்மையில் இரண்டுமே கண்ணின் எல்லைக்குப் புறத்தே நிற்பவைதாம். 'இன்ஃப்ரா' என்னும் முன்னொட்டுக்குக் 'கீழ்' என்பதே பொருளாதலின், 'கீழ்ச்சிவப்பு' என்றிருப்பின் நன்று என வாதிடவும் இடமுண்டு. நாம் அகச்சிவப்பின் பக்கமே நிற்கிறோம். பொருளின் அகத்தே, அதன் மூலக்கூறுகளுக்குள் நிகழும் அசைவை நமக்கு வெளிப்படுத்துவது அவ்வொளியே அன்றோ!

தமிழ்த்துறை மலரில் இயற்பியலுக்கு என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடியிலும் பூந்தமல்லிச் சாலையோரத்து ஆலைகளிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அமிலமும் கரைப்பானும் நச்சு வளியும் அவர்கள் இல்லத்துச் செய்திகள். ஆதலின் இது அவர்களுக்குரிய பொருளே.

1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர் ஞாயிற்றொளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து நோக்கினார். சிவப்புக்கு அப்பால், ஒளியே இல்லை எனத் தோன்றிய இடத்தில் வெப்பமானி மேலும் ஏறிற்று. 1859இல் ஜான் டிண்டால் இலண்டனில் தொடங்கிய ஆய்வுகள் அடுத்த படியாயின. நீராவியும் கரியமில வாயுவும் அவ்வெப்பக் கதிரை விழுங்குவதையும், காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதனை ஏறக்குறைய முழுவதுமாக விட்டுவிடுவதையும் அவர் கண்டார்.

காரணத்தை இசையறிந்தோர் எளிதில் உணர்வர். ஒரே சுருதியில் கூட்டிய இரு வீணைகளை அருகருகே வைத்து ஒன்றன் நரம்பை மீட்டினால், மற்றதன் நரம்பும் அதிரும். மூலக்கூறில் அணுக்களைப் பிணைக்கும் பிணைப்புகளும் அத்தகைய நரம்புகளே. ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஓர் அதிர்வு உண்டு. அதனோடு பொருந்தும் அலைநீளமுடைய கதிர் வந்தால் அதனை ஏற்றுக்கொள்ளும், பொருந்தாததைப் போகவிடும். மீத்தேன் ஏறத்தாழ 3.3 மைக்ரோமீட்டரிலும், கரியமில வாயு 4.26இலும், கார்பன் மோனாக்சைடு 4.6 அளவிலும், அம்மோனியா 10.5 அளவிலும் வலுவாகக் கதிரை ஏற்கின்றன. (தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர்.) எந்த அலைநீளம் குறைந்தது எனப் பார்த்தால் அங்கே இருப்பது யாரெனத் தெரியும், எவ்வளவு குறைந்தது எனப் பார்த்தால் எத்துணை என்பதும் தெரியும்.

இம்முறை நமக்குப் புதியதன்று. அம்பத்தூர் ஆவின் பால்பண்ணையை அறியாதார் இப்பகுதியில் இலர். பெரிய பால்பண்ணைகளின் ஆய்வுக்கூடங்களில் பாலைச் சோதிக்க உலகெங்கும் அகச்சிவப்புக் கருவிகள் பயன்படுகின்றன. கொழுப்பை 5.7 மைக்ரோமீட்டரிலும், புரதத்தை 6.5இலும், பாலின் சருக்கரையை 9.6இலும் அவை அளக்கின்றன. கலப்படமாகச் சேர்த்த யூரியாவையும் அவற்றால் கண்டுகொள்ள இயலும். ஆனால் அவை மேசையை அடைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்திலேயே அமர்ந்திருப்பவை. பொருளை அவற்றிடம் கொண்டுசெல்ல வேண்டுமேயன்றி, அவை பொருளிடம் வாரா.

கருவியைப் பொருளிடம் அனுப்பும் முயற்சியே ஒளியியற் சில்லு. மின்னணுச் சில்லில் மின்சாரம் ஓடுவது போல இதில் ஒளி ஓடுகிறது. மயிரிழையினும் நுண்ணிய கண்ணாடிக் கோடொன்று ஒளிக்கு வாய்க்காலாக அமைகிறது. ஏரிப்பாசனம் கண்ட பகுதி இது; ஆகவே உவமையும் இங்கேயே கிடைக்கிறது. வாய்க்காலில் நீர் ஓடும்போது கரையிலும் சிறிது ஈரம் கசியும். கரையோரத்துச் செடி அவ்வீரத்தைப் பருகினால் கடைமடையில் நீர் குறையும். அதுபோலவே கண்ணாடிக் கோட்டுக்கு வெளியேயும் ஒளியின் ஒரு பகுதி மிக மெல்லிய படலமாகப் பரவி நிற்கும். வளியின் மூலக்கூறு அங்கே வந்து தனக்குரிய அலைநீளத்தைப் பருகினால், மறுமுனையில் அவ்வொளி குறையும். அக்கோட்டை நத்தைக்கூடு போலச் சுருட்டி வரைந்தால், நகத்தளவு இடத்திலேயே நெடிய வாய்க்கால் அமைந்துவிடும்.

இடர்ப்பாடு இரண்டு. சில்லுத் தொழிலில் பெரிதும் பயன்படும் சிலிக்கன் டை ஆக்சைடு, நீண்ட அலைநீள அகச்சிவப்பைத் தானே விழுங்கிவிடும். இதற்கு மாற்றாகக் கந்தகம், செலினியம், டெல்லூரியம் ஆகியவற்றாலான கண்ணாடிகள் உதவுகின்றன. மற்றோர் இடர், கண்ணாடி வளையாது என்பது. 2014இல் அமெரிக்காவில் ஜூஜுன் ஹூ என்பாரின் ஆய்வுக்குழு 'நேச்சர் ஃபோட்டானிக்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை இதற்கு அழகிய விடை தந்தது. ஓலைக்கட்டொன்றை வளைத்துப் பாருங்கள். வெளியோலை இழுபடும், உள்ளோலை நெருக்குண்ணும். இடையில் எங்கோ ஓர் ஓலை இழுப்பும் நெருக்கமும் இன்றி இருக்கும். நெகிழியடுக்குகளுக்கு இடையே அத்தகைய இடத்தில் கண்ணாடிக் கோட்டை வைத்தனர். ஜெர்மானியம், ஆன்டிமனி, கந்தகம் கலந்த அக்கண்ணாடியைக் குறைந்த வெப்பத்திலேயே படியவைக்கலாம் என்பதால் நெகிழி உருகவில்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வளைவாரத்துக்குப் பலமுறை வளைத்தும் சில்லின் ஒளிகடத்தும் திறன் கெடவில்லை. கண்ணாடியை நாணலாக்கிய வித்தை இது!

வளைவதனால் என்ன பயன்? குழாய்கள் உருண்டவை, உடலும் தட்டையானதன்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் மூச்சுத் திணறிய பிறகே அதனை உணர்ந்து இல்லங்களை விட்டு ஓடினர். குழாயின் இணைப்புகளில் சுற்றி வைக்கத்தக்க ஒரு பட்டை, மூக்குக்கு முன்னே அதனை அறிவித்திருக்கக்கூடும். நீர்நிலைக்கு இம்முறை அவ்வளவு எளிதாக ஒத்துவராது. நீரே அகச்சிவப்பைப் பேராவலோடு விழுங்கும். கொரட்டூர் ஏரியில் கலக்கும் கழிவை அறிய வேண்டுமாயின், எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்களை மட்டும் ஈர்த்துக்கொள்ளும் பூச்சொன்றைக் கோட்டின்மீது பூசியாக வேண்டும். விலையும் ஒரு தடை. 1994இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த குவாண்டம் அருவி லேசர் போன்ற ஒளிமூலங்கள் இன்னும் மலிவாகவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் சிலிக்கன் ஒளியியற் சில்லுகளுக்கென ஆய்வு மையம் இயங்குகிறது. வளையும் சில்லையும் நம் மாணவர் ஒருவர் ஒருநாள் அங்கே தொடக்கூடும்.

நாம் இப்பொருளை எடுத்ததற்கு மெய்யான காரணம் வேறு. பாதாளச் சாக்கடை வந்து சேராத தெருக்களில் கழிவுநீர் லாரிகளே இன்றும் துணை. உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளின்றித் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. சாக்கடைப் பணியில் இறந்தோர் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் இறங்குவோர் இறங்கிக்கொண்டிருக்கின்றனர். அவர் சட்டையில் ஒரு சில்லைத் தைத்துவிட்டால் போதும் என எவரேனும் கூறினால் அதனை நாம் ஏற்கமாட்டோம். தொட்டிக்குள் கொல்பவை முதன்மையாக ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஆக்சிஜன் இன்மையும் ஆகும். முன்னதை அகச்சிவப்பு மிக மங்கலாகவே காணும். ஆக்சிஜனையோ, டிண்டால் கண்டபடி, காணவே காணாது. அச்சில்லு தெளிவாகக் காணக்கூடியது மீத்தேனையும் கரியமில வாயுவையும் மட்டுமே. மற்ற இரண்டுக்கும் மின்வேதி உணரிகள் துணைநிற்க வேண்டும். அவை அடங்கிய கையடக்கக் கருவிகள் இப்போதே விற்பனையில் உள்ளன. இல்லாதது கருவியன்று.

மீத்தேன் காற்றினும் இலேசானது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கனமானது. ஆகவே தொட்டியின் வாயில் எடுக்கும் அளவு அடியில் உள்ளதைக் கூறாது. லாரியின் உறிஞ்சுகுழாய் வளைந்து நெளிந்து இறங்கும் ஒன்று. அதன்மேல் முழத்துக்கு ஒன்றாக, இருவகை உணரிகளையும் வளையும் பட்டைகளில் ஒட்டி இறக்கினால், எந்த ஆழத்தில் எந்த வளி எவ்வளவு என்பதை மேலே நிற்பவர் மேலேயே நின்று படித்துக்கொள்வார்.