டாஷ் கேம்: காரோட வர்றதா, நாம மாட்டுறதா?

புது கார் எடுக்கிற வீடுகளில் கலர், சீட், ஹைபிரிடா எலக்ட்ரிக்கா என்ற சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு, இப்போ புதுசா ஒரு கேள்வி வருது. கேமரா உள்ளேயே பதிச்ச மாடலுக்குக் கூடுதலா பணம் கட்டலாமா, இல்ல சாதாரண மாடலை எடுத்துட்டு 200 டாலர் போல ஒரு டாஷ் கேம் வாங்கி நாமே மாட்டிக்கலாமா? எபிசோடில் இதை ரெண்டே நிமிஷத்தில் தாண்டிட்டோம். இங்கே கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

நிறைய பேர் பிக்சர் குவாலிட்டியில் ஆரம்பிக்கிறாங்க. 4கேவா, 1080பியா என்பது எனக்கு ரெண்டாம்பட்சம். நான் முதலில் கேட்பது இதைத்தான்: மோதல் நடந்த மறுநாள் காலையில் அந்த வீடியோ யார் கையில் இருக்கும்?

ஹூஸ்டனில் இதைச் சோதிக்க ஹில்கிராஃப்டை விட நல்ல இடம் கிடையாது. 2010-ல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வெச்ச அதே தெருதான். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே போனவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். நகைக்கடை, புடவைக்கடை, ஸ்வீட் கடை, மளிகை எல்லாத்துக்கும் சேர்த்து முன்னாடி ஒரே பார்க்கிங். ஒருத்தர் ரிவர்ஸ் எடுக்க, எதிர் வரிசையில் இன்னொருத்தரும் ரிவர்ஸ் எடுக்க, நடுவில் ஒருத்தர் இடம் கிடைக்குமான்னு ஊர்ந்துக்கிட்டே வருவார். இங்கே நடக்கிற மோதலில் யாருக்கும் பெரிய அடி படாது. ஆனா யார் தப்பு என்பது மட்டும் தீரவே தீராது.

டெக்சஸில் அந்த 'யார் தப்பு'க்கு நேரடியா பண மதிப்பு இருக்கு. இங்கே தப்பு பண்ணவர் தரப்புதான் நஷ்டத்தைக் கொடுக்கணும். தப்பை சதவீதமா பிரிப்பாங்க. உங்க நஷ்டம் 10,000 டாலர், உங்க பங்கு 40 சதவீதம்னு முடிவானா 6,000 கிடைக்கும். 50 வரைக்கும் இப்படிக் கழிச்சுக் கிடைக்கும். 51 ஆனா ஒரு டாலர் கூட கிடையாது. எதிராளி சட்டப்படி குறைந்தபட்ச இன்ஷூரன்ஸ் மட்டும் வெச்சிருந்தா, பொருள் சேதத்துக்கு அதில் வர்ற உச்சவரம்பு 25,000 டாலர். இன்னிக்கு ஒரு புது எஸ்யூவி விலைக்கு அது பாதி தேறினா பெரிசு.

எங்க சித்தப்பாவுக்கு அப்படி ஒரு பார்க்கிங்கில்தான் இடிச்சது. ரெண்டு பேருமே ரிவர்ஸ். "நான் நின்னுக்கிட்டு இருந்தேன், அவர்தான் வந்து இடிச்சார்"னு ரெண்டு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாங்க. சித்தப்பாவோட கேமரா முன்பக்கம் மட்டும் பார்க்கிற சாதா கேமரா. பின்னாடி நடந்த மோதலுக்கு அது என்ன பிரயோஜனம்னு நினைப்பீங்க. வீடியோவில் எதிரே இருந்த கடைக் கண்ணாடி நாலு விநாடி துளியும் அசையலை. சித்தப்பா சித்தியிடம் "இரு, அவன் போகட்டும்" என்று சொல்ற குரல் கேட்குது. அப்புறம்தான் 'டொக்'. கார் நின்னுக்கிட்டு இருந்ததுக்கு அதை விட என்ன சாட்சி வேணும்? மெமரி கார்டைக் கழட்டி, அன்னிக்கு ராத்திரியே காப்பி எடுத்து அனுப்பினோம்.

ஹைவேயில் விஷயம் இன்னும் சீரியஸ். 2024 அக்டோபரில் நியூயார்க்கின் பெல்ட் பார்க்வேயில் ஒரு பெண் எடுத்த டாஷ் கேம் வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். முன்னாடி வந்து குறுக்கே பிரேக் போட்ட ஹோண்டா, அவங்க இடிக்காம நிறுத்தினதும், தானே ரிவர்ஸ் எடுத்து வந்து அவங்க கார் மேல் மோதுது. அந்த வீடியோ இல்லேன்னா, பின்னாடி இருந்த கார்தான் இடிச்சதுன்னு யாரும் யோசிக்காம எழுதியிருப்பாங்க.

இப்போ காரோட வர்ற கேமராவுக்கு வருவோம். எல்லாத்தையும் ஒரே பெயரில் அழைக்கிறதுதான் குழப்பமே. பிஎம்டபிள்யூவின் டிரைவ் ரெக்கார்டர், அறிமுகமானபோது, மோதலுக்கு முன்னாடி 20 விநாடி, பின்னாடி 20 விநாடி எடுத்து வைக்கும் வசதி. டெஸ்லாவில் க்ளவ்பாக்ஸில் இருக்கிற யூஎஸ்பி டிரைவில் தொடர்ந்து பதிவாகும். நீங்க பட்டனைத் தட்டினா கடைசி 10 நிமிஷத்தைப் பத்திரப்படுத்தும். ஹூண்டாய், ஜெனிசிஸ் மாடல்கள் சிலதில் முன்னும் பின்னும் பார்க்கிற பில்ட்-இன் கேம் உண்டு. (கொரியாவில் டாஷ் கேமையே 'பிளாக் பாக்ஸ்'னுதான் சொல்வாங்க. அந்த ஊரில் அது இல்லாத காரைத் தேடணும். அங்கேயிருந்து இந்த வசதி வந்ததில் ஆச்சரியமில்லை.) அதனால 'டாஷ் கேம் இருக்கு' என்று சேல்ஸ்மேன் சொன்னா போதாது. தொடர்ந்து பதிவாகுமா, மோதினா மட்டுமா? பார்க் பண்ணியிருக்கும்போது ஓடுமா? வீடியோவை சப்ஸ்கிரிப்ஷன் இல்லாம என் கையால் வெளியே எடுக்க முடியுமா? டெஸ்ட் டிரைவின்போதே ஒரு க்ளிப்பை சேவ் பண்ணி, உங்க போனிலோ லேப்டாப்பிலோ திறந்து காட்டச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷத்தில் காட்ட முடியலைன்னா, மோதின பதட்டத்தில் உங்க அம்மாவால் அதை எடுக்கவே முடியாது.

ஒரு விஷயத்தில் காரோட வர்றதுதான் ஜெயிக்குது. அதை மறைக்கக் கூடாது. கடையில் வாங்கற ரெண்டு கேமரா செட் முன்னாடியும் பின்னாடியும்தான் பார்க்கும். பக்கவாட்டில் கோடு போட்டுட்டுப் போறவனைப் பார்க்காது. ஹில்கிராஃப்ட் மாதிரி நெருக்கமான பார்க்கிங்கில் அடி விழறது பெரும்பாலும் கதவில்தான். டெஸ்லாவின் சென்ட்ரி மோடு, ரிவியனின் கியர் கார்டு ரெண்டும் காரைச் சுத்தி இருக்கிற கேமராக்களை வெச்சுப் பார்க்கும். அதுக்கு விலை பேட்டரி. நாள் முழுக்க ஓடவிட்டா சார்ஜ் இறங்குறது கண்ணுக்கே தெரியும்.

தனியா மாட்டுறதா முடிவு பண்ணா, ஹூஸ்டன் வெயிலை மறந்துடாதீங்க. ஆகஸ்ட் மதியம் நிறுத்தி வெச்ச காரில் கண்ணாடியை ஒட்டி இருக்கிற எதுவும் கையால் தொட முடியாத சூட்டில் இருக்கும். உள்ளே லித்தியம் பேட்டரி உள்ள கேமரா அந்தச் சூட்டில் உப்பும். சூப்பர்கெப்பாசிட்டர் உள்ளதையே வாங்குங்க. மெமரி கார்டு 'ஹை எண்ட்யூரன்ஸ்' வகையா இருக்கணும். சாதா கார்டு, ஓயாம எழுதி அழிக்கிற வேலைக்கு ஆனது இல்லை. கார்டின் அளவையும் கணக்குப் போடுங்க: முன், பின் சேர்த்து நொடிக்கு 40 மெகாபிட் என்றால் மணிக்கு 18 ஜிபி. 128 ஜிபி கார்டு 7 மணி நேரத்தில் நிரம்பி, பழசு மேலேயே எழுத ஆரம்பிச்சிடும். திங்கள்கிழமை பார்த்துக்கலாம்னு விட்டா சனிக்கிழமை மோதல் போயே போச்சு.

பார்க்கிங் மோடு வேணும்னா ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து வயர் இழுக்கணும். 12 வோல்ட் பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினா தானே அணையற கிட் வாங்குங்க. ஹைபிரிட்களில் அந்த பேட்டரி சின்னது. முன் கண்ணாடியின் ரெண்டு பக்கத் தூணிலும் கர்ட்டன் ஏர்பேக் இருக்கும். வயர் அதுக்குப் பின்னாடி போகணும், முன்னாடி போனா ஏர்பேக் விரியும்போது ஆபத்து. கையில் நம்பிக்கை இல்லைன்னா கார் ஆடியோ கடைக்காரரிடம் கொடுத்துடுங்க. ரியர்வியூ கண்ணாடிக்குப் பக்கத்தில் காரோட சொந்த சேஃப்டி கேமரா இருக்கும். அதை மறைச்சு ஒட்டக் கூடாது. "வெளியே மாட்டினா வாரண்டி போயிடும்"னு யாராவது பயமுறுத்தினா, 1975-லிருந்து மேக்னசன்-மாஸ் என்ற ஃபெடரல் சட்டம் இருக்கு. நீங்க மாட்டினதுதான் பழுதுக்குக் காரணம்னு காட்டாம வாரண்டியை மறுக்க முடியாது.

அடுத்தது, காருக்கு வெளியே யார் பார்க்கிறாங்க என்பது. 2019-லிருந்து 2022 வரை டெஸ்லா ஊழியர்கள் சிலர், வாடிக்கையாளர் கார் கேமராக்களில் பதிவான காட்சிகளைத் தங்களுக்குள்ளே பகிர்ந்து சிரிச்சதா 2023 ஏப்ரலில் ராய்ட்டர்ஸ் எழுதியது. கேமரா இல்லாத தகவலிலும் இதே கதைதான்: காரோட்டிகளின் ஓட்டும் பழக்கத்தைச் சேகரிச்சு வித்ததா ஜெனரல் மோட்டார்ஸ் மேல் 2024 ஆகஸ்டில் டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் வழக்கு போட்டார். 2025 ஜனவரியில் எஃப்டிசியும் நடவடிக்கை எடுத்தது. அது வீடியோ இல்லை, வேகமும் பிரேக்கும் இடமும். ஆனா இணையத்தோட எப்பவும் பேசிக்கிட்டிருக்கிற காரில் கேமராவும் இருக்குன்னா, செட்டிங்ஸில் டேட்டா ஷேரிங் பக்கத்தை முதல் நாளே திறந்து படிக்கிறது நல்லது. கிளவுட் இல்லாத 200 டாலர் கேமராவுக்கு அந்தப் பக்கமே கிடையாது.

ஆடியோவும் கவனம். டெக்சஸில் பேசறவங்களில் ஒருத்தர் சம்மதிச்சா போதும். நீங்க காரில் இருந்து பேசினா அந்த ஒருத்தர் நீங்களே. நீங்க இல்லாத காரில் பதிவு பண்றது வேற கதை. 2015 கார்வெட்டில், வேலே பார்க்கிங் ஆள் ஓட்டும்போது வீடியோவும் குரலும் பதிவு பண்ற வசதி வந்தது. சில மாநிலங்களில் அது சட்டத்துக்கு எதிரா போகும்னு செவர்லேவே அதைப் பயன்படுத்த வேண்டாம்னு சொல்ல வேண்டி வந்தது. மெக்கானிக்கிடம் விடும்போது மைக்கை ஆஃப் பண்ணிடுங்க. பே ஏரியா நண்பர்களே, உங்க மாநிலத்தில் எல்லார் சம்மதமும் வேணும்; குரல் பதிவாகுதுன்னு பயணிகளுக்குத் தெரியற மாதிரி எழுதி ஒட்டணும்.

வீடியோ உங்களுக்கு எதிராவும் பேசும். ஓரத்தில் ஜிபிஎஸ் வேகம் 82 என்று காட்டினா 82தான். அதுக்குப் பயந்து மோதலுக்கு அப்புறம் அழிக்கிறது மட்டும் வேண்டாம். வழக்குன்னு வந்தா அழிச்சதே உங்க தலையில் விடியும்.

என் சொந்த முடிவு இது: கேமராவுக்காக மட்டும் மேல் டிரிம்முக்குப் போக மாட்டேன். காரை சுத்தியும் பார்க்கிற கேமரா ஏற்கெனவே இருந்தா அதையே ஒழுங்கா செட் பண்ணுவேன். மோதினா மட்டும் பதிவாகிற வகைன்னா, பக்கத்தில் ரெண்டு கேமரா செட் ஒண்ணு மாட்டுவேன். அப்பா அம்மா காரில் கேமராவை ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னாடி, வெளியிலிருந்து பளிச்சுன்னு தெரியாத இடத்தில் வெச்சிருக்கேன். சேவ் பட்டன் மேல ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். மோதினா முதலில் அதைத் தட்டணும், அப்புறம்தான் எனக்கு போன். மாசம் ஒருமுறை நான் வீட்டுக்குப் போகும்போது கார்டை எடுத்து ரெண்டு க்ளிப் ஓடுதான்னு பார்த்துட்டு, ஃபார்மேட் பண்ணி வெச்சுட்டு வரேன்.