மாரடைப்புக்குப் பின் ஓய்வா, உடற்பயிற்சியா?

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒருவரை நம் குடும்பங்கள் அன்போடு கட்டிலில் அமர்த்திவிடுகின்றன. தண்ணீர் எடுப்பதற்கும் அவர் எழக்கூடாது. மாடிப்படி பக்கம் போகவே கூடாது. அன்பினால் விளையும் இக்கட்டுப்பாடு வாரக்கணக்கில் நீடித்தால், அதுவே அவருக்குத் தீங்காக முடியும். தசைகள் மெலியும், சிறிது நடந்தாலே மூச்சு வாங்கும், அந்த இளைப்பைக் கண்டு, இதயம் இன்னும் பழுதாகிவிட்டதோ என்ற அச்சம் பெருகும். மருத்துவர் மேற்பார்வையில் அளவறிந்து செய்யும் உடற்பயிற்சி, மாத்திரைகளைப் போலவே இதயநோய்ச் சிகிச்சையின் ஒரு பகுதியாகும். உணவு, மருந்து, புகை விலக்கல், மனநல ஆலோசனை ஆகியவற்றோடு சேர்த்து இதனை ‘இதய மறுவாழ்வுச் சிகிச்சை’ என்கிறோம்.

கருத்து மாறிய வரலாறு

முழு ஓய்வே நல்லது என்று மருத்துவர்களும் நெடுங்காலம் நம்பினர். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், மாரடைப்பு கண்டவர்களை ஆறு வாரம் வரை படுக்கையில் கிடத்துவது வழக்கமாக இருந்தது. 1952இல் அமெரிக்க மருத்துவர்களான சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லவுனும், நோயாளிகளைத் தொடக்க நாட்களிலேயே நாற்காலியில் அமரச் செய்து அது பாதுகாப்பானது என்று காட்டினர். 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்பவர், இலண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக வந்ததை வெளியிட்டார். அதன்பின் நடந்த பல ஆய்வுகளின் தொகுப்பு, முறையான பயிற்சி பெறுவோரிடம் இதயநோய் மரணமும் மீண்டும் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையும் குறைவதைக் காட்டியுள்ளது.

யோகாசனமும் ஆராயப்பட்டுள்ளது. இந்தியாவின் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. யோகா சார்ந்த மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. பழைய அலுவல்களுக்குத் திரும்புவதும் எளிதாயிற்று. ஆனால், மரணமும் மறு மாரடைப்பும் உறுதியாகக் குறைந்தன என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆகவே யோகாசனத்தை நடைப்பயிற்சியோடும் மருந்தோடும் சேர்த்துக் கொள்ள வேண்டுமேயன்றி, அவற்றுக்கு மாற்றாகக் கருதலாகாது.

பயிற்சி எவ்வாறு உதவுகிறது?

பயிற்சி பெற்ற கால் தசைகள், இரத்தத்திலுள்ள ஆக்சிஜனைத் திறம்பட எடுத்துக்கொள்கின்றன. அதனால் அதே வேலையைக் குறைந்த நாடித்துடிப்பில் செய்ய முடிகிறது. இதயம் சுருங்கி விரியும் ஒவ்வொரு துடிப்பிலும், விரியும் நேரத்தில்தான் அதன் சொந்தத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் பாய்கிறது. துடிப்பு நிதானமானால் அந்த நேரம் நீள்கிறது. இதயத் தசைக்குக் கிடைக்கும் இரத்தமும் கூடுகிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, மனச்சோர்வு ஆகியவையும் கட்டுக்குள் வருகின்றன.

அளவும் முறையும்

சிக்கலில்லாத மாரடைப்பில், ஓரிரு நாட்களிலேயே எழுந்து அமரவும் அறைக்குள் நடக்கவும் மருத்துவக் குழுவினர் உதவுவர். வீடு திரும்பியபின், எக்கோ அல்லது டிரெட்மில் பரிசோதனையின் அடிப்படையில் பயிற்சியின் அளவை மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் வகுப்பர். பொதுவாக, சமதளத்தில் 5 முதல் 10 நிமிட நடையை நாளுக்கு இருவேளை தொடங்கி, வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டி, 30 நிமிடத்தை எட்டலாம். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 150 நிமிடம் என்பது இலக்கு. முதல் ஐந்து நிமிடமும் இறுதி ஐந்து நிமிடமும் மெதுநடையாக இருக்கட்டும். வேகமாக நடந்துவிட்டுத் திடீரென நின்றால் தலைசுற்றல் வரலாம்.

வேகத்தை அறிய எளிய வழி உண்டு. நடக்கும்போது உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும். பாட முடிந்தால் வேகம் போதாது. பேச்சு தடைப்பட்டால் வேகம் மிகுதி. துடிப்பைக் குறைக்கும் மருந்து உண்பவர்களுக்கு நாடித்துடிப்பு சரியான அளவுகோலாகாது. இவ்வழியே அவர்களுக்கு ஏற்றது.

பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, மார்பெலும்பு கூடுவதற்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை நடக்கலாம், குடம் தூக்குதல், கிணற்றில் நீர் இறைத்தல் போன்றவை கூடா.

நம் மாவட்டத்தில் எழும் கேள்விகள்

“நான் உழைப்பாளி, எனக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு?” என்று ரப்பர் பால்வெட்டுவோரும் மீனவர்களும் கேட்பதுண்டு. வலை இழுப்பதும் சுமை தூக்குவதும், மூச்சை அடக்கிச் செய்யும் திடீர் முயற்சிகள். அவை இரத்த அழுத்தத்தைச் சட்டென உயர்த்துகின்றன. சீரான நடையோ இதயத்தைப் படிப்படியாகப் பழக்குகிறது. தொழிலுக்குத் திரும்ப விரும்புவோருக்கு இப்பயிற்சியே படிக்கல். ஆயினும் பனையோ தென்னையோ ஏறுவோருக்கும் கடலுக்குச் செல்வோருக்கும் கூடுதல் கவனம் தேவை. உயரத்தில் தலைசுற்றினாலோ நடுக்கடலில் வலி வந்தாலோ உடனடி உதவி கிட்டாது. மருத்துவரின் இசைவு பெறாமல் இத்தொழில்களைத் தொடங்க வேண்டாம்.

மாசி மாதச் சிவாலய ஓட்டம், சபரிமலை யாத்திரை ஆகியவை பற்றியும் பலர் கேட்கின்றனர். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை, பன்னிரு சிவாலயங்களை இரவு பகலாகச் சுற்றும் ஓட்டம் இதயநோயாளிகளுக்கு ஏற்றதன்று; வாகனத்தில் சென்றும் வழிபடலாம். நீலிமலை ஏற்றம் செங்குத்தானது. அங்குச் செல்ல விரும்புவோர் பல வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பரிசோதித்து, நடைப்பயிற்சியால் உடலைப் பழக்கி, மருந்துகளைக் கையில் வைத்துக்கொண்டு, இளைப்பாறி இளைப்பாறி ஏற வேண்டும்.

தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. அந்தத் தொலைவு நோயாளிக்குத் தொடக்க இலக்காகாது; அப்பாதையின் ஒரு சிறு பகுதியே முதலில் போதும். இரு பருவமழையும் பெய்யும் நம் ஊரில், மழை நாட்களில் வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ நடக்கலாம். கோடையில் அதிகாலையே உகந்தது. உணவு உண்டவுடன் நடக்க வேண்டாம்.

வீட்டு வேலையே போதுமான பயிற்சி என்று பெண்கள் ஒதுங்கிவிடுகின்றனர். சமையலும் துணி துவைத்தலும் விட்டுவிட்டு நடப்பவை. சீரான நடையின் பயனை அவை தருவதில்லை. அம்மாவுக்கென்று நாளும் அரை மணி நேரத்தை ஒதுக்கித் தருவது, குடும்பத்தார் செய்யும் சிகிச்சை உதவியாகும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, தாறுமாறான படபடப்பு, மிகுந்த மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நின்று அமருங்கள். மருத்துவர் எழுதித் தந்திருந்தால் நாவின்கீழ் வைக்கும் மாத்திரையைப் பயன்படுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் தணியாவிடில் 108ஐ அழையுங்கள். தாமே வண்டி ஓட்டிச் செல்ல வேண்டாம். காய்ச்சல் உள்ள நாளில் பயிற்சிக்கு விடுப்பு அளியுங்கள். கால் வீங்கினாலோ, மூன்று நாட்களில் எடை 2 கிலோ கூடினாலோ, ஓய்வில் இருக்கும்போதே வலி வந்தாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரைக் காணுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மருந்துச் சீட்டோடு, நடந்த நாட்களையும் நிமிடங்களையும் குறித்த ஒரு தாளையும் கொண்டு வாருங்கள். மருந்தின் அளவைப் போலவே நடையின் அளவையும் மருத்துவர் பார்த்துத் திருத்தித் தருவார்.