உஷார்! பூட்டாத வைஃபை போலீஸை உங்கள் வாசலுக்குக் கொண்டுவரும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, வேலூர்... இந்த ஊர்களில் வீட்டில் வைஃபை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைப் படித்த கையோடு ஒரு காரியம் செய்யுங்கள். செல்போனில் வைஃபை பட்டியலைத் திறந்து, உங்கள் வீட்டு இணைப்பின் பெயருக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தெருவில் போகும் எவரும் உங்கள் பெயரில் இன்டர்நெட்டுக்குள் நுழையலாம். பூட்டு இருந்தும் கடவுச்சொல் உங்கள் செல்போன் நம்பர்தான் என்றால், அந்தப் பூட்டும் பூட்டல்ல.

கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை யாரும் தெருவில் போட்டுவிட்டு வர மாட்டோம். திறந்த வைஃபை அப்படிப்பட்ட காசோலைதான். யார் எதை எழுதினாலும் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து.

மும்பையில் நடந்தது

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு டி.வி. நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போயிருந்தது. அது எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, அதாவது எந்த இன்டர்நெட் இணைப்பிலிருந்து வந்தது என்று போலீசார் தேடிப் போனார்கள். தடம் நவி மும்பையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் போய் நின்றது. அங்கே இருந்தவர் ஒரு அமெரிக்கர். அவரைத் துருவித் துருவி விசாரித்தார்கள். கம்ப்யூட்டர்களை எடுத்துப்போய் ஆராய்ந்தார்கள். அவருக்கும் அந்த மின்னஞ்சலுக்கும் சம்பந்தமே இல்லை. அவருடைய வைஃபை பூட்டாமல் கிடந்தது, அவ்வளவுதான். அதற்குள் அவர் முகம் உலகம் முழுக்க டி.வி.யில் ஓடிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதமே மாட்டுங்கா கல்சா கல்லூரியின் இணைப்பிலிருந்து இன்னொரு மின்னஞ்சல். செப்டம்பர் 13-இல் டெல்லி குண்டுவெடிப்பு. அதையொட்டி வந்த மின்னஞ்சலின் தடம் மும்பை செம்பூரில் ஒரு தனியார் அலுவலகத்தின் வைஃபையில் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் செய்தவன் வேறு, மாட்டிக்கொண்ட முகவரி வேறு. 2009 தொடக்கத்தில் மும்பை போலீசார் திறந்த வைஃபைகளைத் தேடித் தெருத்தெருவாகப் போனார்கள். வாடிக்கையாளர்களின் வைஃபையைப் பாதுகாப்பாக அமைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறையும் அந்த ஆண்டு இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

மும்பையில் நடந்தது நம்மூரில் நடக்காது என்று எதை வைத்துச் சொல்வது? குண்டு மிரட்டல்தான் வேண்டுமென்பதில்லை. ஒரு பெண்ணின் படத்தை ஆபாசமாக மாற்றிப் பரப்பியவன், குழந்தைகளின் ஆபாசப் படம் இறக்கியவன், திருடிய கார்டில் பொருள் வாங்கியவன், இவர்களில் எவன் உங்கள் வைஃபையைப் பயன்படுத்தினாலும் விசாரணை முதலில் உங்கள் கதவைத்தான் தட்டும். 'நான் இல்லை' என்று நிரூபிக்கிற வரை உங்கள் கம்ப்யூட்டரும் செல்போனும் தடயவியல் ஆய்வில் இருக்கலாம். அக்கம்பக்கத்தின் பேச்சை யார் நிறுத்துவது?

நம் பக்கத்தில் ஆபத்து ஏன் அதிகம்?

தோல் தொழில் ஊர்களில் வீடும் ஆபீஸும் தனித்தனியாக இருப்பதில்லை. கீழே ஷூ அப்பர் தைக்கும் ஜாப் ஒர்க், மாடியில் குடும்பம். வரவேற்பறைக் கம்ப்யூட்டரில்தான் சரக்கு வாங்கும் பையரின் ஆர்டர், ஷூ பேட்டர்ன், ரேட், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், டாலி கணக்கு, ஜி.எஸ்.டி. லாகின் எல்லாம். அதே வைஃபையில் பிள்ளைகளின் செல்போன், விருந்தாளியின் செல்போன், வாசல் கேமரா, டி.வி.

வீடுகளோ சுவரோடு சுவர் ஒட்டியவை. வைஃபை அலை நம் சுவரோடு நிற்காது. பக்கத்து மொட்டை மாடிக்கும், எதிர்த் தெருவில் நிற்கும் வண்டிக்குள்ளும் போகும். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குகின்றன. வரவேற்பு மேஜையில் எழுதி ஒட்டிய ஒரே கடவுச்சொல், மாதங்கள் போனாலும் மாறாது. லாட்ஜ் நடத்துபவரின் பில்லிங் கம்ப்யூட்டரும் அதே இணைப்பில்தான் இருக்கும் என்றால், அறை எடுத்த எவரும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகவே பொருள்.

செல்போன் நம்பர் கடவுச்சொல்லா? இன்றே மாற்றுங்கள்!

நம் ஊர்களில் மிகச் சாதாரணமாகப் பார்க்கும் பழக்கம் இது. இணைப்புக் கொடுக்க வரும் பையன், 'என்ன பாஸ்வேர்டு போடட்டும் அண்ணா?' என்று கேட்பான். 'என் நம்பரையே போட்டுடுப்பா.' அந்த நம்பர் கடை போர்டில் இருக்கிறது, விசிட்டிங் கார்டில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது.

நம்பர் தெரியாதவனுக்கும் இது எளிது. உங்கள் செல்போன் வைஃபையில் இணையும் நொடியில் இரண்டுக்கும் இடையே நடக்கும் கைகுலுக்கலை அவன் காற்றிலேயே பதிவு செய்துகொண்டு போய்விடலாம். பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் பொருத்திப் பார்ப்பான். வைஃபை தரும் உங்கள் ரவுட்டர் பெட்டிக்கு இது தெரியவே தெரியாது. இந்தியச் செல்போன் எண்கள் 6, 7, 8, 9 இவற்றில்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். மலைப்பாகத் தோன்றும். ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் வினாடிக்குப் பல லட்சம் எண்களைப் பொருத்திப் பார்க்கும். சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

பழைய டபிள்யூ.இ.பி. பூட்டு இன்னும் மோசம். அதன் அடிப்படைக் குறையை ஆராய்ச்சியாளர்கள் 2001-லேயே வெளியிட்டுவிட்டார்கள். இன்று அதை நிமிடங்களில் உடைக்கலாம். பட்டனை அழுத்தி இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியின் எட்டு இலக்க எண்ணையும் எளிதில் கண்டுபிடிக்கலாம் என்று 2011-இல் தெரிந்துவிட்டது. நெட்வொர்க் பெயரை மறைத்து வைத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மறைத்த பெயரையும் காட்டிக்கொடுக்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

உள்ளே வந்தவன் என்ன செய்வான்?

இன்று பேங்க் பக்கங்களும் மின்னஞ்சலும் குறியாக்கத்தில் போகின்றன. உங்கள் வைஃபையில் நுழைந்தவுடனேயே பேங்க் பாஸ்வேர்டைப் படித்துவிட முடியாது. அந்தத் தைரியத்தில் இருந்துவிடாதீர்கள். அவனுக்கு வேறு வழிகள் உண்டு.

முதல் வழி, பகிர்ந்த ஃபோல்டர்கள். இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரு பிரின்டருக்கும் சேர்த்து பாஸ்வேர்டு இல்லாமல் 'ஷேர்' செய்து வைத்திருப்போம். உள்ளே வந்தவனுக்கு அவை திறந்த அலமாரி.

இரண்டாவது வழி, அப்டேட் செய்யாத விண்டோஸ். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை வைரஸ் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால் அதே நெட்வொர்க்கில் இருந்த மற்றவற்றுக்கும் அது தானாகத் தாவியது. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது.

மூன்றாவது வழி ரவுட்டர். அதன் உள்கதவுக்கு 'அட்மின்', 'அட்மின்' என்றே பெயரும் பாஸ்வேர்டும் இருந்தால், அவன் அதன் அமைப்பை மாற்றி, நீங்கள் போக நினைக்கும் தளத்துக்குப் பதில் போலித் தளத்துக்கு அனுப்ப முடியும். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் ஆயிரக்கணக்கில் வைரஸ் தாக்கிச் செயலிழந்தன. கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட மோடம்களே சிக்கின. அதை உடனே மாற்றுங்கள் என்று அந்த நிறுவனமே அறிவிக்க வேண்டியிருந்தது.

இதில் நம் தொழிலுக்கு நேரடியாக அடி விழும் இடம் இன்வாய்ஸ். கம்ப்யூட்டரிலோ மின்னஞ்சலிலோ நுழைந்தவன் அவசரப்பட மாட்டான். பையரோடு நீங்கள் எழுதிக்கொள்வதைப் படித்துக்கொண்டே காத்திருப்பான். சரக்கு கப்பல் ஏறியதும், 'எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்துங்கள்' என்று உங்கள் பெயரிலேயே பையருக்கு எழுதுவான். தோல் போய்விடும், பணம் வேறு நாட்டுக் கணக்கில் விழும். அமெரிக்க எஃப்.பி.ஐ.க்கு 2023-இல் வந்த புகார்களில் மட்டும் இத்தகைய வணிக மின்னஞ்சல் மோசடியில் பறிபோனது சுமார் 290 கோடி டாலர்.

இன்றே செய்ய வேண்டியவை

1. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று பிரவுசரில் அடித்தால் வரும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இருக்கும். முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இது வைஃபை பாஸ்வேர்டிலிருந்து வேறாக இருக்கட்டும்.

2. பாதுகாப்பு வகையில் டபிள்யூ.பி.ஏ.-3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் டபிள்யூ.பி.ஏ.-2, ஏ.இ.எஸ். போடுங்கள். இரண்டுமே இல்லாத ரவுட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

3. வைஃபை பாஸ்வேர்டு குறைந்தது 16 எழுத்து. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து, நடுவில் எண்களும் குறிகளும் போடுங்கள். செல்போன் நம்பர், பிள்ளை பெயர், வண்டி நம்பர், கம்பெனி பெயர் எதுவும் வேண்டாம்.

4. டபிள்யூ.பி.எஸ்.ஸையும், வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' வசதியையும் அணைத்து வையுங்கள்.

5. விருந்தாளிகளுக்கும், வேலைக்கு வருபவர்களுக்கும், டி.வி., கேமராவுக்கும் 'கெஸ்ட்' நெட்வொர்க் தனியாகக் கொடுங்கள். தொழில் கம்ப்யூட்டர் இருக்கும் நெட்வொர்க்கில் வேறு எதுவும் வேண்டாம். கேமரா பெட்டியின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். 2016-இல் மிராய் வைரஸ் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது மாற்றாத பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

6. கம்ப்யூட்டரில் ஃபயர்வாலும் தானியங்கி அப்டேட்டும் ஓடட்டும். தேவையில்லாத 'ஷேரிங்'கை நிறுத்துங்கள். கணக்குகளின் நகலை வாரம் ஒருமுறை தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

7. மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போடுங்கள். 'பேங்க் கணக்கு மாற்றம் என்று கடிதம் வந்தால், பழைய நம்பரில் எங்களை அழைத்துப் பேசாமல் ஒரு டாலரும் அனுப்பாதீர்கள்' என்று ஒவ்வொரு பையருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.

8. ரவுட்டர் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் தெரியும். மாதம் ஒருமுறை பாருங்கள். உங்கள் வீட்டில் இல்லாத ஒன்று அதில் இருந்தால் அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

பணம் போய்விட்டால்...

ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். பேங்குக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ, அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னஞ்சல், மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். அவைதான் உங்கள் சாட்சி. பிறர் பாஸ்வேர்டையோ அடையாளத்தையோ திருடிப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனால் அது வருவது எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

புது ரவுட்டர் வாங்க வேண்டியிருந்தால் தவிர, மேலே சொன்ன முதல் நான்கு வேலைகளுக்குக் காசு செலவில்லை, நேரமும் அதிகம் ஆகாது. உங்களுக்குச் செய்யத் தெரியாவிட்டால், வீட்டில் படிக்கும் பிள்ளையை இன்று இரவே உட்காரவைத்துச் செய்துவிடுங்கள். முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரரிடமும், உங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து தருபவரிடமும் சொல்லுங்கள். உங்கள் இன்வாய்ஸ் அவர் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. அவர் வைஃபை திறந்து கிடக்கும் வரை உங்கள் பணத்துக்கும் பாதுகாப்பில்லை.