லினக்ஸ் கணினி தன் பெயரை எங்கே வைத்திருக்கிறது?

லினக்ஸில் கணினியின் பெயர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் நினைவகம். மற்றொன்று, ‘இடிசி’ கோப்புறையில் உள்ள ‘ஹோஸ்ட்நேம்’ என்ற சின்னஞ்சிறு கோப்பு. கணினி தொடங்கும்போது சிஸ்டம்டி அந்தக் கோப்பைப் படித்துப் பெயரைக் கெர்னலிடம் ஒப்படைக்கிறது. ‘ஹோஸ்ட்நேம்’ கட்டளை நினைவகத்தை மட்டுமே தொடுவதால், அதைக்கொண்டு மாற்றிய பெயர் கணினியை மறுபடி தொடங்கியதும் போய்விடுகிறது. ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல்’ இரண்டையும் சேர்த்து மாற்றுகிறது. பயன்படுத்த வேண்டியது அதைத்தான்.

பெயரை மாற்றிய பிறகு டெபியனிலும் உபுண்டுவிலும் ‘சுடோ’ சில நொடிகள் திணறி, ஹோஸ்டின் முகவரி கிடைக்கவில்லை என்று எச்சரிப்பதுண்டு. காரணம் இன்னொரு கோப்பு: ‘ஹோஸ்ட்ஸ்’. அதில் 127.0.1.1 என்ற முகவரிக்கு எதிரே பழைய பெயரே நிற்கும். புதிய பெயர் அங்கே இல்லாததால் தேடல் டிஎன்எஸ் சர்வருக்குப் போய், பதிலுக்குக் காத்திருக்கிறது. அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும், எச்சரிக்கை நின்றுவிடும்.

127 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாமே கணினி தன்னையே குறிப்பவை. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாலும் அவை வேலை செய்யும். ரவுட்டரிடமிருந்து டிஎச்சிபி வழியாக முகவரி வாங்கும் மடிக்கணினிக்கு ஐபி மாறிக்கொண்டே இருக்கும். அதன் பெயருக்கு எந்நேரமும் ஒரு விடை இருக்கட்டும் என்றே டெபியன் அந்த வரியைச் சேர்க்கிறது. நிலையான ஐபி கொண்ட சர்வரில் 127.0.1.1-க்குப் பதிலாக அந்த ஐபியையே எழுத வேண்டும்.