சிறுவனுக்கு ஒரு சிறு மோட்டார் வண்டி: சிக்கனம் எதில், செலவு எதில்?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் தோட்டப்புறங்களில் சிறுவர்களின் ஆரவாரத்துக்குக் குறைவிராது. பந்தாட்டமும் மிதிவண்டியும் அலுத்துப்போன பின்னர், மோட்டார் பொருத்திய சிறு வண்டி ஒன்று வேண்டுமென்று பிள்ளைகள் பெற்றோரை நச்சரிப்பதுண்டு. 2025ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒரு தந்தைக்கு, கடையில் விற்கும் அத்தகைய வண்டி எட்டாக் கனியே. ஆயினும் கைத்தொழில் அறிந்தவர்கள் நம்மிடையே பலர் உளர். பழைய பொருள்களைக் கொண்டு இத்தகைய வண்டியைத் தாமே செய்துகொள்ள அவர்களால் இயலும்.

அண்மையில் நாம் சென்றிருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில், பட்டறைத் தொழிலாளி ஒருவர் தம் பன்னிரண்டு வயது மகனுக்காக ஒரு வண்டி செய்துகொண்டிருந்தார். சட்டகம் முடிந்து இயந்திரமும் பொருத்தப்பட்டிருந்தது. பிரேக் எங்கே என்று வினவினோம். "அதை அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் ஐயா. இப்போதைக்குக் காலை ஊன்றி நிறுத்திக்கொள்வான்" என்றார். அவருடைய வீட்டு வாசலிலிருந்து இறங்கும் சரிவின் முடிவிலோ, குலை ஏற்றிய லாரிகள் செல்லும் செம்மண் பாதை இருந்தது. அந்தப் பாதையைச் சுட்டிக்காட்டினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, இயந்திரத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். அவரோடு உரையாடியபோது தெளிவுபடுத்திக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

எதில் சிக்கனம், எதில் செலவு?

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது முதுமொழி. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் 16 அங்குல மிதிவண்டி, தண்டு வளைந்துபோன புல்வெட்டும் இயந்திரம், இரும்புக் குழாய்த் துண்டுகள் ஆகியவை போதுமானவை. அந்த நண்பருக்கு மிதிவண்டிக்கு 40 வெள்ளி, இயந்திரத்துக்கு 80 வெள்ளி, குழாய்க்கு 35 வெள்ளி செலவாயிற்று. பல்சக்கரங்களும் சங்கிலியும் 90 வெள்ளி, பேரிங்குகள் 30 வெள்ளி, பிரேக் கட்டைகளும் கம்பிகளும் 30 வெள்ளி. இறுதியில் வாங்கிய தலைக்கவசம் 60 வெள்ளி. ஆக மொத்தம் 365 வெள்ளி.

இவற்றுள் குழாயும் மிதிவண்டியும் பழையனவாக இருக்கலாம். ஆனால் சங்கிலி, பிரேக் கட்டை, பிரேக் கம்பி, தலைக்கவசம் ஆகிய நான்கும் புதியனவாகவே இருத்தல் வேண்டும். சிலர் கைவண்டிச் சக்கரம் மலிவென்று அதைப் பொருத்துவர். அதில் பிரேக் பொருத்த இடமில்லை என்பதை மறத்தலாகாது.

சட்டகம்

மிதிவண்டியின் கழுத்து, முன்கவை, கைப்பிடி ஆகியவற்றை அப்படியே பயன்படுத்தலாம். முன்கவையில் வெடிப்போ வளைவோ காணப்பட்டால் அதை ஒதுக்கிவிட வேண்டும். இயந்திரத்தைத் தாங்கும் பகுதியை ஓர் அங்குலக் குழாயால் புதிதாக அமைத்துப் பற்றவைக்க வேண்டும். பளபளப்பான தண்ணீர்க் குழாயில் துத்தநாகப் பூச்சு உண்டு. அதைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் உண்டாகும். எனவே பூச்சில்லாத கறுப்புக் குழாயே நல்லது. பெட்ரோல் இருந்த தொட்டியை, அது காலியாக இருப்பினும், ஒருபோதும் பற்றவைக்கலாகாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கக்கூடும்.

பல்சக்கரக் கணக்கு

பலரும் தவறு செய்யும் இடம் இதுவே. புல்வெட்டும் இயந்திரம் நிமிடத்துக்கு 7,000 முறை சுழலக் கூடியது. 16 அங்குலச் சக்கரம் ஒருமுறை உருண்டால் ஏறத்தாழ 1.28 மீட்டர் செல்லும். இயந்திரத்தில் 8 பல், பின்சக்கரத்தில் 64 பல் என ஒரே சங்கிலியால் இணைத்தால், இயந்திரம் எட்டுமுறை சுழலும்போது சக்கரம் ஒருமுறை சுழலும். கணக்குப்படி அது மணிக்கு 67 கிலோமீட்டர் வேகமாகும். சிறுவனுக்கு அது தகுமா?

நடுவில் ஓர் அச்சை வைத்து வேகத்தை இருமுறை குறைப்பதே முறை. முதற்கட்டத்தில் 10 பல்லிலிருந்து 50 பல்லுக்கும், இரண்டாம் கட்டத்தில் 10 பல்லிலிருந்து 60 பல்லுக்கும் சங்கிலி செல்லட்டும். ஐந்தை ஆறால் பெருக்க முப்பது. இப்போது உச்ச வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர்தான்.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. இவ்வியந்திரத்தின் கிளட்ச் சுமார் 3,500 சுற்றில்தான் பற்றத் தொடங்கும். முன்சொன்ன ஒற்றைச் சங்கிலி அமைப்பில், வண்டி 33 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்வரை கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருந்து தேய்ந்து கருகிவிடும். இரட்டைக் குறைப்பிலோ 9 கிலோமீட்டரிலேயே அது உறுதியாகப் பற்றிக்கொள்ளும்.

நிறுத்தும் வழி

ஓட வைப்பதற்கு முன் நிறுத்த வழி செய்தல் வேண்டும். முன், பின் இரு சக்கரங்களுக்கும் பிரேக் தேவை. அதன் பிடி சிறுவனின் விரலுக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 18 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 5 மீட்டர். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும்.

கையை விட்டவுடன் முடுக்கி தானே திரும்பும்படி சுருள்வில் அமைக்க வேண்டும். இயந்திரத்தை உடனே அணைக்கும் விசை கைப்பிடியிலேயே இருத்தல் வேண்டும். சங்கிலிக்கும் சூடேறும் புகைக்குழாய்க்கும் தகட்டு மூடி அவசியம். முதல் சோதனையைப் பெரியவரே செய்ய வேண்டும். இயந்திரத்தை இயக்காமல் வண்டியைத் தள்ளி, பிரேக் பிடித்துப் பார்த்து, பிறகே சிறுவனிடம் தரலாம்.

எங்கே ஓட்டலாம்?

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, 16 வயது நிரம்பாதவர் சாலையில் மோட்டார் வாகனம் ஓட்டலாகாது. பதிவும் காப்புறுதியும் இல்லாத வண்டிக்கும் சாலையில் இடமில்லை. தோட்டத்துப் பாதைதானே என்று எண்ண வேண்டா. பொதுமக்கள் வந்துபோகும் பாதையும் சட்டத்தின் பார்வையில் சாலையே. ஆகவே நிர்வாகத்தின் அனுமதியோடு, வேலியிட்ட திடலில், பெரியவர் ஒருவரின் கண்காணிப்பில் மட்டுமே ஓட்ட வேண்டும். சிரிம் முத்திரை பெற்ற, தலைக்குப் பொருத்தமான கவசம் இன்றி ஏறுதல் கூடாது.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலையில் ஜொகூர் பாருவில், மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளில் சாலைக்குச் சென்ற பதின்ம வயதினர் எண்மர் கார் மோதி உயிரிழந்தனர். அத்துயரத்தை நாம் எளிதில் மறக்க இயலாது. வண்டி எதுவாயினும், பிள்ளை அதை எங்கே, எப்போது ஓட்டுகிறான் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.

அந்த நண்பரின் வண்டி ஒரு மாதம் தாமதமாகவே முடிந்தது. அம்மாதம் முழுவதும் மகன் தந்தையின் அருகிலிருந்து பல் எண்ணவும், அளவெடுக்கவும், திருகு முடுக்கவும் கற்றுக்கொண்டான். வண்டி தோட்டத்துத் திடலில் முதன்முதலாக ஓடிய அன்று, அவன் தானே பிரேக் பிடித்துத் தந்தையின் முன் நிறுத்திக் காட்டினான். பிள்ளைக்கு வண்டி செய்ய எண்ணும் பெற்றோர் முதலில் பிரேக்கையும் தலைக்கவசத்தையும் வாங்கி வைப்பார்களாக. மற்றவற்றை மெல்லத் தேடிக்கொள்ளலாம்.